மதில் மேல் இரண்டு மைனா

எங்கள் வீட்டில் சண்டை என்றால் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். அப்பாவும் அம்மாவும் பேச்சை நிறுத்திவிடுவார்கள், அவ்வளவுதான். நான் நான்காம் வகுப்பு படித்தபோது வந்த சண்டைக்குக் காரணம், தண்டலத்தில் நடந்த மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம். பத்து விரலிலும் மருதாணி சிவக்க நான் அம்மாவோடு போனேன். அப்பா ஓ.டி. பார்க்கக் கம்பெனிக்குப் போய்விட்டார். "உன் வூட்டுக்காரர் எங்க?" என்று வந்தவர்கள் எல்லாம் கேட்டுக் கேட்டு, அம்மாவின் முகம் சுண்டிப்போனது.

அன்றிலிருந்து தூது போகும் வேலை எனக்கு வந்தது.

"உங்கப்பாவ சாப்ட சொல்லு" என்பாள் அம்மா.

"சாப்ட்டுக்கினுதான் கீறேன்னு சொல்லு" என்பார் அப்பா. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு சோற்றுத் தட்டுதான்.

அம்மாவுக்குப் பகல் ஷிப்ட், அப்பாவுக்கு நைட் ஷிப்ட். வேறு வேறு கம்பெனி என்றாலும் இரண்டிலும் கேமரா போனை உள்ளே விட மாட்டார்கள். அதனால் ஆளுக்கொரு பட்டன் போன். வீட்டின் ஒரே டச் போன் டி.வி.க்குப் பக்கத்தில் கிடக்கும்.

ஒருநாள் அதன் முகப்பில் இருந்த என் பிறந்தநாள் படத்தைக் காணோம். அந்த இடத்தில் ஏரியில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. காலையில் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா எடுத்து வைத்தது. சாயங்காலம் அம்மா அதைப் பார்த்தாள். போனோடு கொல்லைப் பக்கம் போனாள். மறுநாள் கொக்கு போய், உடம்பெல்லாம் முள்ளாகச் சப்பாத்திக்கள்ளி வந்திருந்தது. அதற்கு அப்பா, கழுத்துவரை சேற்றில் அமிழ்ந்த எருமையை வைத்தார். அம்மா விடவில்லை. தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த ஏரியோரம் அடுத்து வந்தது.

பள்ளியில் ஓவியப் போட்டி போல, பெரியவர்களுக்கு இயற்கைப் படப் போட்டி என்று நினைத்துக்கொண்டேன். மனதுக்குள் எருமைக்கு முதல் பரிசும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. என் வகுப்பில் ஒருத்தியின் அம்மா இப்படித்தான் பேசாமல் இருந்து, பிறகு தன் ஊருக்கே போய்விட்டாள்.

போட்டி என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. பள்ளிவிட்டு வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். ஏரிக்கரையில் இருந்த ஒரு கம்பெனி, தன் மதிலை எங்கள் வீட்டுப் பின்புறம்வரை கொண்டுவந்திருந்தது. அதன் முள்கம்பிச் சுருளுக்குள் இரண்டு மைனாக்கள், ஒன்று கம்பெனியைப் பார்த்தபடியும் மற்றது ஏரியைப் பார்த்தபடியும், முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தன. எடுத்தேன். ஓரத்தில் மங்கலாக ஏதோ சிவப்பு விழுந்திருந்தது. சாயங்கால வெயில், அழகுதான் என்று முகப்பில் வைத்துவிட்டேன்.

அம்மா வேலை முடிந்து வந்தபோது அப்பா நைட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா போனை எடுத்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி நேராக அவரிடமே கேட்டாள்.

"இத்த நீங்களா எடுத்தீங்க?"

அப்பா எட்டிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "ஆமா, நான்தான்."

"இல்ல, நான் எடுத்தது" என்று கத்தினேன்.

"சும்மா இரு. அவருதான் எடுத்தாருன்னு சொல்றார்ல" என்றாள் அம்மா. "இருங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்."

என் பரிசை அப்பா திருடிவிட்டார், அம்மாவும் அதற்கு உடந்தை. நான் மூலையில் உட்கார்ந்து அழுதேன். அவர்கள் டீயைக் குடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கம்பெனி வேன் தெருமுனையில் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

போன மாதம் அம்மாவின் புதுப் போனுக்குப் பழைய படங்களை மாற்றிக் கொடுத்தபோது, அந்த மைனாக்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெயில் என்று நான் நினைத்திருந்த சிவப்பு, லென்ஸ் ஓரத்தில் விழுந்த ஒரு விரல் நுனி. மருதாணி வைத்த குட்டி விரல். அப்பா தெரிந்தேதான் பொய் சொல்லியிருக்கிறார், அம்மாவும் தெரிந்தேதான் டீ போட்டிருக்கிறாள். தெரியாமல் அழுதது நான் ஒருத்திதான்.