மஞ்சள் தடவிய இசெட் தாள்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், சித்திரை வருடப்பிறப்பு கழிந்து ஒரு மாதம் இருக்கும். கரம்பொன் கிராமத்தில் என் மனைவி வீட்டில் நடந்தது இது. கலியாணம் முடித்து நான் அந்த வீட்டுக்குப் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. காசுத்தாள் அச்சடிக்கும்போது ஏதாவது பழுதாகிவிட்டால், அதற்குப் பதிலாக வேறொரு தாளை வைப்பார்கள். நம் நாட்டில் அந்தப் பதில் தாளின் இலக்கம் ஆங்கில இசெட் எழுத்தில் தொடங்கும். கட்டுக் கட்டாகப் புரட்டினாலும் ஒன்று அகப்படுவது அருமை. கடைக்காரர், பஸ் கொண்டக்டர், என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தாதிமார் என்று எல்லாரிடமும் கெஞ்சிக் கூத்தாடி, பள்ளிக்கூடக் காலம் தொட்டுச் சேர்த்தேன். மடிப்பே விழாத தாள்களாகப் பார்த்து, ஒரு பைலுக்குள் ஒவ்வொன்றுக்கும் உறை போட்டு அலுமாரியில் வைத்திருந்தேன்.

அன்று புதிதாக ஒன்று கிடைத்த புளுகத்தில் துள்ளியபடி பைலைத் திறந்தேன். உறைகள் எல்லாம் வெறுமை. ஒரு தாள்கூட இல்லை. அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன். கள்ளன் என்று நினைக்கவும் வழியில்லை. மனைவியின் சங்கிலி பக்கத்திலேயே கிடந்தது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பைலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையில் கை வைத்தாள்.

“ஐயோ, அப்பா கைவிசேஷத்துக்கு எடுத்தது இதையோ?”

வருடப்பிறப்பன்று எனக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. அன்று பெரியவர்கள் கையில் வைத்துத் தரும் கைவிசேஷக் காசு புதுத்தாளாகத்தான் இருக்க வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நிற்பார். ஆகவே முதல்நாளே வங்கியில் மாற்றி வந்து, “அலுமாரிக்குள்ள புதுத்தாள் வைச்சிருக்கிறன் மாமா, எடுத்துக் குடுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனேன். நான் சொன்ன கட்டு மேல்தட்டில், சேலைகளுக்கு அடியில் இன்னும் அப்படியே இருந்தது. மாமாவின் கண்ணில் பட்டது கீழ்த்தட்டில் இருந்த பைல். மருமகன் எவ்வளவு பக்குவமாக உறை போட்டு வைத்திருக்கிறான் என்று பெருமையடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலையில் வைத்து, வந்த சனத்துக்கெல்லாம் கொடுத்து முடித்திருக்கிறார்!

சொந்த அப்பாவென்றால் கத்தித் தீர்த்திருப்பேன். மாமாவை என்ன சொல்வது? ஆசையாகச் செய்த மனிதர். அவரிடம் சொல்ல வேண்டாம் என்று மனைவிக்குச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன்.

கைவிசேஷத் தாளை எங்கள் பக்கத்தில் லேசில் செலவழிக்க மாட்டார்கள். பேர்சிலோ சாமிப்படத்தின் கீழோ வருடம் முழுக்க இருக்கும். ஆனால் அதைத் திருப்பிக் கேட்பது என்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். கொடுத்தவருக்கும் கூடாது, வாங்கியவருக்கும் கூடாது. அதிலும் மாமா, பக்கத்து வீட்டில் மண்வெட்டி இரவல் கேட்கவே கூச்சப்படுகிறவர்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது மனைவி வாசல் கேற்றடியில் அழுதுகொண்டு நின்றாள். மனம் கேளாமல் காலையில் தகப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். கடைக்கு என்று போனவர் மத்தியானம் கழிந்தும் வரவில்லை. அவருடைய போன் மேசையில் கிடந்தது. பக்கத்தில் மத்தியானம் போட வேண்டிய குளிசைகள். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த மனிதர் அவர்.

பக்கத்து வீட்டு அக்காதான் விஷயத்தைச் சொன்னார்.

“காலமை வந்து, தந்த கைவிசேஷத்தைத் திருப்பித் தா பிள்ளை எண்டு கேட்டவர் தம்பி. முகத்தைப் பாக்கேலாமல் கிடந்தது. நெடுந்தீவில தன்ர தங்கச்சியிட்டயும் வாங்கோணும் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்.”

கடலைக் கொந்தளிக்க வைக்கும் சோழகக் காற்று தொடங்கியிருந்த நேரம். அந்தக் கடலில், அந்த நெஞ்சோடு! மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு குறிகட்டுவான் துறைக்குப் பறந்தேன். நெடுந்தீவுப் படகு இன்னும் வரவில்லை என்றார்கள். ஏன் பிந்துகிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவைப் பார்த்தவன் நான். அன்று துறையடியில் கடலைப் பார்த்தபடி குந்திவிட்டேன். மனுசனுக்கு ஏதும் நடந்தால் என் மனைவியின் முகத்தில் எப்படி முழிப்பேன்? அதுவும் இந்தக் கடதாசிகளுக்காக.

ஒருவழியாகப் படகு வந்தது. சனம் முழுக்கத் தெப்பமாக நனைந்து, வாந்தியெடுத்துக் களைத்து இறங்கியது. கடைசியாக இரண்டு பேர் மாமாவைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளிறி, இரண்டு கையாலும் நெஞ்சை இறுக்கிப் பிடித்திருந்தார்.

“உங்கட ஆளோ? ஏறினதில இருந்து நெஞ்சைப் பிடிச்சபடிதான் வாறார்” என்றார் தாங்கி வந்தவர்களில் ஒருவர்.

அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டேன். அங்கேயே இருத்தி நாடியைப் பிடித்தேன். மாமா என் கையைத் தட்டிவிட்டு, சேட்டின் பொத்தானைக் கழற்றி உள்ளே கையை விட்டார். முடிச்சுப் போட்ட ஒரு பொலித்தீன் பை வெளியே வந்தது.

“நெஞ்சு நோகேல்லை தம்பி. தாள் நனைஞ்சிடும் எண்டு பிடிச்சனான். எல்லாம் கிடக்கு, ஒண்டுதான் இல்லை. தங்கச்சி கோயில் உண்டியலில போட்டிட்டாளாம்” என்றார், பிழை செய்தவர் போல.

நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கமும் இல்லை.

காசுத்தாள் சேகரிப்பவர் எவரும் மஞ்சள் பட்ட தாளைக் கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார் என்பதை இன்றுவரை மாமாவுக்குச் சொல்லவில்லை. தாள்களை முன்பு இருந்தபடியே உறைகளுக்குள் வைத்தேன். உண்டியலுக்குப் போன தாளின் உறை மட்டும் வெறுமையாக இருந்தது.

அடுத்த வருடப்பிறப்பன்று வீட்டில்தான் நின்றேன். மாமா முதல் கைவிசேஷத்தை எனக்குத் தந்தார். பழக்கதோசத்தில் இலக்கத்தைப் பார்த்தேன். சாதாரண தாள்தான். வெறுமையாக இருந்த உறைக்குள் அதை வைத்தேன். பிறகும் ஒன்றிரண்டு இசெட் தாள்கள் கிடைத்துவிட்டன, ஆனால் அந்த உறைக்குள் இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.