வீடு பார்க்க ஆள் வந்த அன்று

பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில், மாமனார் விட்டுப்போன வீட்டின் கீழே எங்களுக்கு இருப்பது ஒற்றை அறை. இரண்டு பெண்கள், மூன்றாவது குழந்தை அப்போது வயிற்றில். வீட்டை விற்றுப் பெரிய இடத்துக்குப் போகலாம் என்றால், மாடியில் குடியிருந்த என் கணவரின் அண்ணன் கையெழுத்துப் போட மறுத்தார்.

அன்று வீடு பார்க்க ஒரு தம்பதி வந்திருந்தார்கள். அண்ணன் இரும்புக் கம்பியோடு இறங்கிவந்தார்.

"எங்கப்பா வீட்ட எவன்டா விக்கிறது?"

ஜன்னலை நொறுக்கினார். வந்தவர்கள், "பேடப்பா, பேடா" என்று கன்னடத்தில் வேண்டவே வேண்டாமென்று சொல்லி ஓடிவிட்டார்கள். தடுக்கப்போன என் கணவரின் நெற்றி பிளந்தது. ரத்தம் வழிய வழிய அவர் அண்ணனைக் கீழே தள்ளிக் கழுத்தை நெரித்தார். அண்ணனின் கண்கள் பிதுங்கின. நான் அலறினேன்.

அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஓடிவந்தார். எங்களோடு அவர் பேசி ஒரு வருடம் ஆகியிருந்தது. என் கணவரின் தலைமுடியைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஓங்கி அறைந்தார். எழுந்த தன் கணவருக்கும் ஓர் அறை.

"ஒருத்தன் செத்து ஒருத்தன் ஜெயிலுக்குப் போனா, புள்ளைங்கள யாரு பாக்கறது?"

பிறகு என்னிடம் திரும்பி, "பொண்ணுங்க இனிமே மேல எங்ககூட தூங்கட்டும். எங்க வீட்டுக்காரர நான் பாத்துக்கறேன்" என்றார்.

வீட்டை இன்னும் விற்கவில்லை. பெண்கள் மாடியில்தான் தூங்குகிறார்கள். அந்த ஒரு வருடத்தில் நானே ஒருமுறை மாடியேறிப் போய் அக்காவிடம் பேசியிருக்கலாம்.