மழை வந்தால் போகும் லைன்

எங்கள் லயத்து வீடுகளில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். மழை வந்தால் இன்டர்நெட் லைன் போய்விடும். மலேசியாவில், மந்தின் ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறோம். கேபிள் இழுக்க எந்தக் கம்பெனிக்காரனும் உள்ளே வரமாட்டான். ஆளாளுக்கு சிம் கார்டு போட்ட மோடத்தை ஜன்னலில் வைத்துக்கொண்டு, டவர் இருக்கும் குன்றைப் பார்த்தபடி பிழைக்கிறோம். மழை இறங்கினால் அந்தக் குன்றே தெரியாது, அப்புறம் லைன் எங்கிருந்து வரும் என்பது லயத்துக்காரர்கள் நியாயம். நானும் அதைத்தான் நம்பினேன். நம்புவதில் எனக்கு ஒரு லாபமும் இருந்தது.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள். இணையத்தில் சாமான் விற்கும் ஒரு கம்பெனிக்கு வரும் புகார்களைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். காலுக்குச் சப்பாத்து அளவு பொருந்தவில்லை, ரைஸ் குக்கர் மூடி உடைந்து வந்தது, பார்சல் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. நாள் முழுக்க ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊரார் கோபத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பேன். லேப்டாப் சிரம்பானில் பழையதாக வாங்கியது. "விண்டோஸ் போட்டா இது மூச்சு வாங்கும் லா" என்று சொல்லிக் கடைக்காரர் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். அதைக் கட்டி மேய்க்க நானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன்.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும். அம்மா இல்லை. அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். இனிப்புநீர் நோயில் ஒரு காலின் விரல்கள் போய்விட்டன. சில நாள் சர்க்கரை திடீரென்று இறங்கி, உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துக் கண் செருகிவிடும். தனியே விட முடியாது. தம்பி செனாவாங்கில் ஃபேக்டரி ஷிப்ட், பெண்டாட்டி பிள்ளைகளோடு அங்கேயே வீடு. ஆகவே கல்யாணம் ஆகாத அக்கா அப்பாவோடு இருக்கிறாள். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவில்லை, அப்படியே ஆகிவிட்டது.

கடைக்குப் போனாலும் அப்பா சாப்பிட்டாரா என்று பார்த்துவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுப்பேன். திரும்பி வந்ததும் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பேன். என் அறை ஜன்னலைத் திறந்தால் செம்பனை, பின்கதவைத் திறந்தாலும் செம்பனை. மூச்சு முட்டியது என்று எழுதினால் மிகை என்பார்கள். முட்டத்தான் செய்தது.

இந்த நிலையில்தான் மத்தியான வேளைகளில் லைன் காலை வாரத் தொடங்கியது. வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் விட்டு விட்டு வரும், பிறகு அறுந்துபோகும். கோலாலம்பூர் ஆபீசில் என் மேற்பார்வையாளர் என்னைவிட வயதில் சின்னவள். ஒருநாள் கூப்பிட்டாள்.

"சிஸ், கஸ்டமர் பாதியில கட் ஆகுறாங்க லா. மாசக் கடைசிக்குள்ள சரியாகலன்னா வீட்டுலேர்ந்து வேல கெடையாது. ஆபீசுக்கு வந்துருங்க. ரூம் கம்பெனி குடுக்கும்."

அவள் அதை மிரட்டலாகத்தான் சொன்னாள். நானும் பயந்த குரலில் சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் சிரித்தேன். அத்தனை சந்தோஷம்.

தம்பியிடம் சொன்னேன். "வேலைக்காகன்னா என்னாக்கா செய்ய முடியும்? அப்பாவ நாங்க கூட்டிக்கிறோம். பிள்ளைங்க ரூம காலி பண்ணிக் குடுத்துருவோம்" என்றான். வேலைக்காகன்னா. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. எனக்குப் போக வேண்டும்போல இருக்கிறது என்று நான் சொல்லியிருந்தால் இதே வாயிலிருந்து வேறு பேச்சு வந்திருக்கும். அப்பாவும் மறுப்புச் சொல்லவில்லை. "வேலன்னா போய்த்தானம்மா ஆவணும்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, தன் நாற்காலியை செனாவாங்குக்குக் கொண்டுபோக இடம் இருக்குமா என்று கேட்டார்.

ஆக, மழை எனக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தது. நான் சும்மா இருந்திருந்தால் போதும். ஆனால் மேற்பார்வையாளர், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாள். அதோடு, ஒரு கோளாறு ஏன் என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பிறவிக் குணம். மோடத்தை இடம் மாற்றினேன். சேனலை மாற்றினேன். வயர்லெஸ் கார்டின் டிரைவரைப் புதுப்பித்தேன். இணையத்தில் கேட்டால் லினக்ஸ்காரர்கள் ஆளுக்கொரு கட்டளை சொன்னார்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் கிண்டல் செய்தார். எல்லாவற்றையும் அடித்துப் பார்த்தேன். வெயில் நேரத்தில் நன்றாக ஓடும், வானம் கறுத்தால் படுத்துவிடும்.

ஒரு மத்தியானம், பால் புட்டி கசிகிறது என்று ஒரு தாய் அழாக்குறையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தது. ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஹாலுக்கு வந்தேன். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. அப்பா மோடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைப்பேசியில் பழைய படத்து நகைச்சுவைக் காட்சி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். படம் ஒரு இடத்திலும் திக்கவில்லை. அதே மோடம், அதே மழை.

அப்போதே அறைக்குப் போய்ப் படுத்திருக்கலாம். நான் போய் பிங் போட்டேன், இருக்கிறாயா என்று கேட்டுப் பதில் வாங்கும் கட்டளை அது. குன்றுக்கும் டவருக்கும் அனுப்பாமல், ஹாலில் இருக்கும் எங்கள் மோடத்துக்கு மட்டும். அது உடனுக்குடன் பதில் தர வேண்டும். மறுநாள் காலையிலிருந்து அதைத் திரையின் ஓரத்தில் ஓடவிட்டுவிட்டு வேலை பார்த்தேன். பதில்கள் சளைக்காமல் வந்தன. மத்தியானம் முதல் இடி கேட்டது. சற்று நேரத்தில் பதில்கள் தாமதமாயின, சில வரவே இல்லை. அப்படியானால் கோளாறு வானத்தில் இல்லை. என் அறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருந்தது.

லேப்டாப் தன் நடப்புகளையெல்லாம் எழுதிவைக்கும் பதிவைத் திறந்தேன். பதில்கள் தடுமாறத் தொடங்கிய அதே நேரத்துக்கு மேலே ஒரு வரி இருந்தது. சார்ஜர் துண்டிக்கப்பட்டது. திரையின் மூலையில் பார்த்தால் பேட்டரிப் படம் மாறியிருந்தது. ஒருத்தர் காதில் கத்திக்கொண்டிருக்கும்போது அந்தப் பொடிப் படத்தை யார் கவனிப்பது?

என் அறையில் பிளக் மாட்டும் சுவிட்ச் கருகி ரொம்ப நாளாகிறது. சார்ஜர் வயர் கதவுக்கு அடியில் ஹாலுக்குப் போகும். கதவைத் திறந்தேன். தொலைக்காட்சி, ஐஸ்பெட்டி, ரைஸ் குக்கர் எல்லாவற்றின் பிளக்கும் தரையில் கிடந்தன. என் சார்ஜரும் கிடந்தது. அப்பா நாற்காலியில் இருந்தார்.

எங்கள் லயத்தில் முதல் இடிக்கு எல்லா வீட்டிலும் பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். முன்பொரு தடவை பின்பக்கத் தென்னையில் மின்னல் இறங்கி வரிசையாக எல்லா வீட்டுத் தொலைக்காட்சியும் புகைந்துபோனது. அன்றிலிருந்து இந்தப் பழக்கம். மழைக்குக் கொடியில் கிடக்கும் துணியை எடுப்பதுபோல, கை தானாகப் போகும். வீட்டில் நடக்கும் ஒரு விஷயமாகவே அது என் நினைப்பில் இல்லை. மழை விட்டதும் அப்பா எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிடுவார். அதனால் நான் பார்க்கும்போதெல்லாம் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன.

"மோடத்த மட்டும் ஏம்ப்பா விட்டீங்க?" என்றேன்.

"அதப் புடுங்குனா ஒன் வேல நின்னுரும்லம்மா? லேப்டாப்புக்குள்ள பேட்டரி இருக்கு, அது பாட்டுக்கு ஓடும்னு நீதான சொன்ன."

"இடி இடிக்கிறப்ப அதுகிட்டயே ஏன் ஒக்காந்திருக்கீங்க?"

"பெருசா இடிச்சா டக்குன்னு ஆஃப் பண்ணலாம்னுதான்." ஒரு கை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. மின்னலுக்கு நடுங்குகிற மனுஷன், என் வேலை போய்விடக் கூடாதென்று ஒவ்வொரு மழைக்கும் அங்கே காவல் இருந்திருக்கிறார். அவர் பிடுங்கிய பிளக்தான் என் வேலையை அறுத்துக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் நான் மனசுக்குள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன்.

மீதி சுலபம். பேட்டரி பழசு என்று கடைக்காரர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் ஒரு புரோகிராமைப் போட்டிருந்தார். சார்ஜர் போனால் அது வயர்லெஸ் கார்டை அரைத் தூக்கத்தில் தள்ளிவிடும். அதன் ஃபைலில் ஒரே ஒரு வரி. ஆன் என்று இருப்பதை ஆஃப் என்று மாற்ற வேண்டும். கர்சர் அந்த வரியில் நின்று மினுக்கிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன்.

மழை என்று எழுதி அனுப்பினால் ஒருத்தரும் கேள்வி கேட்கப்போவதில்லை. மாசக் கடைசியில் தம்பி வாடகை வேன் கொண்டுவந்து அப்பாவையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு போவான். என் வேலைக்காக இடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மனுஷனை, அவர் பிளக்கைப் பிடுங்கிய கையாலேயே வீட்டைவிட்டு வெளியேற வைத்தவளாக நான் இருப்பேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அது என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். மாற்றினேன். சேமித்தேன். லேப்டாப்பை அணைத்துத் திரும்பப் போட்டேன்.

அடுத்த மழைக்கு அப்பா வழக்கம்போல எல்லாவற்றையும் பிடுங்கினார். நான் பேட்டரியில் பேசினேன். குரல் ஒரு இடத்திலும் அறுபடவில்லை. இப்படியே சில மழை போன பிறகு மேற்பார்வையாளர், "சூப்பர் சிஸ், இனி வீட்டுலயே இருங்க" என்று செய்தி அனுப்பினாள். தம்பியிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சுக்கா" என்றான். அவன் பெருமூச்சு போனிலேயே கேட்டது.

அன்று சாயங்காலம் மழை விட்டதும் அப்பா குனிந்து ஒவ்வொரு பிளக்காக மாட்டினார். கடைசியாக என் சார்ஜரை மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இனிமே மழ பெஞ்சாலும் லைன் போவாதா?"

"போகாதுப்பா."

"அப்ப நீ எங்கயும் போவ வேண்டியதில்ல."

"இல்லப்பா."

அவர் முகம் மலர்ந்தது. தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காலை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். நான் ஹாலிலேயே நின்றேன். இனி இங்கிருந்து போக வேண்டுமானால், எனக்குப் போக வேண்டும் என்று நானே வாய் திறந்து சொன்னால்தான் உண்டு. இன்றுவரை சொல்லவில்லை.