மைக் இல்லாமல் இங்கே யாரும் கிடையாது

எனக்குச் சிறு வயதிலிருந்தே திக்குவாய். பள்ளிக்கூடத்தில் 'பிரசென்ட்' சொல்ல வராமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். வளர வளரச் சில தந்திரங்கள் கைவந்தன. ஒரு சொல் மாட்டிக்கொள்ளப் போகிறது என்று தொண்டைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். உடனே வேறு சொல்லுக்குத் தாவிவிடுவேன். ஓட்டலில் காபி என்று சொல்ல வராது போலிருந்தால் டீ கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வருவேன். டீ எனக்குப் பிடிக்காது.

ஓசூரைத் தாண்டிக் கன்னடப் பக்கம், பொம்மசந்திராவில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். அளவெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை. பேச வேண்டிய தேவை குறைவு. வீடு ரிச்சர்ட்ஸ் டவுனில். கம்பெனி பஸ் ஓசூர் ரோட்டு நெரிசலில் நின்று நின்று போகும். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவார்கள். பாராசூட்டில் ஒரு தீவில் குதிக்க வேண்டும். நான்கு பேர் ஓர் அணி. கடைசிவரை உயிரோடு இருக்கும் அணிதான் ஜெயிக்கும். பக்கத்து சீட்டுக்காரர் ஒருநாள் என் போனை வாங்கி அதை ஏற்றிக் கொடுத்தார். "சும்மா ஆடிப் பாருங்க சார், டைம் போறதே தெரியாது" என்றார்.

முதலில் முன்பின் தெரியாதவர்களோடுதான் ஆடினேன். மைக்கை அணைத்து வைத்திருப்பேன். புதிதாக வருகிறவனை அங்கே எப்படி நடத்துவார்கள் என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. எந்தக் கட்டடத்தில் எதிரி இருக்கிறான் என்று சந்தேகமோ அதற்குள் அவனை முதலில் அனுப்புவார்கள். அவன் மேல் குண்டு பாய்ந்தால் எதிரி இருக்கும் இடம் தெரிந்துவிடும் அல்லவா. விழுந்துவிட்டால் அவனுடைய மருந்துப் பெட்டியையும் துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாராவது பக்கத்தில் வந்து கைகொடுத்தால் எழுந்துவிடலாம், கொடுக்க மாட்டார்கள். இந்தியில் திட்டினார்கள், கன்னடத்தில் திட்டினார்கள், ஒருமுறை என் சொந்த அணிக்காரனே என்னைச் சுட்டான். இதிலெல்லாம் எனக்குப் பெரிய வருத்தமில்லை. பேசச் சொல்லாதவரை யார் திட்டினாலும் எனக்குச் சம்மதம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டு முடித்து ஆடிக்கொண்டிருந்தபோது என் அணியில் மூன்று தமிழ்க் குரல்கள் கேட்டன. வழக்கம்போல் நான் முதலில் விழுந்தேன். திறந்த வெளி. மறைய ஒரு மரம்கூட இல்லை. அப்போது ஒரு பெண்குரல், "இருங்க, வரேன்" என்றது. நேராக ஓடிவந்து என்னை எழுப்பியது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கும் குண்டு பட்டுவிட்டது.

"புதுசா?" என்றது அந்தக் குரல். "பரவால்ல. என் பின்னாலயே வாங்க."

ஆட்டம் முடிந்ததும் அவருடைய குரூப்பில் சேரச் சொல்லி அழைப்பு வந்தது. இருபது பேர் போல இருந்தார்கள். அவர் ஆனேக்கல்லில் கணக்கு டியூஷன் எடுப்பவர். என்னைவிட இளையவர்தான், ஆனாலும் எல்லோரையும்போல நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். சேர்ந்தவுடன் மூன்று விதிகளை அனுப்பினார். கெட்ட வார்த்தை கூடாது. விழுந்தவரை விட்டுவிட்டு ஓடக் கூடாது. மைக் ஆனில் இருக்க வேண்டும்.

'என் மைக் ரிப்பேர்' என்று எழுதினேன்.

'சரி பண்ணிட்டு வாங்க. மைக் இல்லாம இங்க யாரும் கிடையாது' என்று பதில் வந்தது.

கொஞ்ச நாள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் அந்த 'இருங்க, வரேன்' காதிலேயே நின்றது. எனக்காக ஓடிவருகிறவர்களோடு ஆடிப் பார்க்க ஆசையாக இருந்தது. அடுத்து வந்த ஒரு ஞாயிறு மதியம் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

அன்று எங்கள் அணியில் அக்கா, ஓசூரில் லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கிற ஒருவர், கூட ஒரு ஐ.டி. கம்பெனிக்காரர். குரூப்பிலேயே குறி தப்பாமல் சுடுகிறவர் அந்த ஐ.டி. காரர்தான். மாடியில் ஓர் எதிரியைப் பார்த்துவிட்டு 'மேலே' என்று சொல்ல வாயெடுத்தேன். "மே… மே… மே…" அதற்குள் மாடியிலிருந்தவன் இரண்டு பேரைச் சாய்த்துவிட்டான்.

கடைக்காரர்தான் முதலில் பேசினார். "ப்ரோ, உங்க நெட்டு சரியில்ல. வாய்ஸ் விட்டு விட்டு வருது."

"ஆமா, கட்டாகுது" என்றார் ஐ.டி. காரர்.

அவர்களே நல்ல மனதோடு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அதைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். அதன்பிறகு என் நெட்டைக் குணப்படுத்துவதே குரூப்பின் வேலையாகிவிட்டது. சிம்மை மாற்றச் சொன்னார்கள். ரவுட்டரை அலமாரி மேலே வைக்கச் சொன்னார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் எந்தக் கம்பெனி நன்றாக எடுக்கும் என்று கடைக்காரர் தன் மச்சானிடம் கேட்டுச் சொன்னார். இத்தனை பேர் என்மேல் அக்கறைப்பட்டு நான் பார்த்ததில்லை. எல்லா மருந்தும் இல்லாத நோய்க்கு.

மொட்டை மாடிக்குப் போய்ப் பேசிப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதால் அதையும் செய்தேன். துணி காயப்போட வந்த என் மனைவி, கொடிக்கு நடுவில் ஹெட்செட்டோடு நிற்கும் என்னைப் பார்த்தாள்.

"வெயில்ல இங்க என்ன பண்றீங்க?"

"நெ… நெட்டு."

விஷயத்தைச் சொன்னதும் துணிவாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, "சொல்லிடுங்க. பாவம், ரவுட்டர் கம்பெனிக்காரன் மேல பழி போடறாங்க" என்றாள்.

அடுத்த வாரம் சொன்னேன். எழுதி அனுப்பியிருக்கலாம். ஏனோ வாயால் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. விமானம் தீவை நெருங்கிக்கொண்டிருந்தது. "ந… நெட்டு நல்லாத்தான் இருக்கு. எனக்குத் தி… தி… திக்கும்."

விமானம் தீவின் மேல் வந்துவிட்டது.

"அப்ப எதிரி வந்தா எப்படிச் சொல்லுவீங்க?" என்று ஐ.டி. காரர் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"குதிங்க, குதிங்க, இடம் தாண்டுது" என்றார் அக்கா. எல்லோரும் குதித்தோம்.

இரண்டு நாள் கழித்து, பஸ்ஸில் வரும்போது குரூப்பின் பேச்சு அறைக்குள் நுழைந்தேன். நான் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. கடைக்காரர் பேசிக்கொண்டிருந்தார். "எ… எ… எதி… எதிரீ…" என்று இழுத்துவிட்டு, "அதுக்குள்ள எதிரி வந்து, சுட்டு, வீட்டுக்குப் போயி, சோறே தின்னுட்டான்" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. அறையை விட்டு வெளியே வந்து, குரூப்பை விட்டும் வெளியே வந்தேன். விளையாட்டையே போனிலிருந்து எடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோபமில்லை. ரவுட்டரை அலமாரிமேல் வைக்கச் சொன்ன அதே ஆள் இவர் என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் மாலை அக்கா போன் செய்தார். குரூப்பில் சேரும்போது கொடுத்த எண். போனில் பேசுவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினம். எதிராளிக்கு என் முகம் தெரியாது, லைன் கட்டாகிவிட்டதென்று வைத்துவிடுவார்கள். 'ஹலோ' சொல்லவே வரவில்லை. அவர் 'ஹலோ, ஹலோ' என்று கத்தவில்லை. "நான்தான். லைன்லதான் இருக்கேன். அடுப்புல பால் இருக்கு, பாத்துக்கிட்டே பேசறேன், நீங்க மெதுவா சொல்லுங்க" என்றார். பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. நான் 'சொல்லுங்க' என்பதை முடிக்கும்வரை அவர் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் போயிட்டீங்கன்னு தெரியும். நம்ம கடைக்காரர் சொன்னதை நானும் அப்புறம் கேள்விப்பட்டேன்" என்றார். "நான் முதமுதல்ல ஒரு குரூப்புல சேந்தப்ப, என் குரலைக் கேட்டதும் ஒருத்தன் 'சமையல் ஆச்சா மேடம்'னு கேட்டான். தினமும் அதே கேள்வி. அதுக்குத்தான் இதை ஆரம்பிச்சேன். ஆம்பளைப் பேர்ல ஒளிஞ்சுக்கிட்டு ஆட எனக்குப் பிடிக்கல. மத்தவங்களும் ஒளிய வேணாம்னுதான் மைக் ரூல் போட்டேன். அது உங்களுக்கு இப்படி ஆகும்னு யோசிக்கல. வேணும்னா அதை எடுத்துடறேன். நீங்க டைப் பண்ணுங்க."

எனக்கே ஆச்சரியமாக, "வே… வேணாம்" என்றேன். "மைக் இருக்கட்டும்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன்."

வாழ்நாள் முழுக்கப் பேசாமல் தப்பிக்க இடம் தேடியவன் நான். தப்பிக்க வழி கொடுத்தபோது வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று இன்றுவரை முழுசாகத் தெரியாது. போனில் பேசிய அந்தப் பத்து நிமிஷமும் யாரும் என் வாக்கியத்தை எனக்காக முடித்துவைக்கவில்லை. அது காரணமாக இருக்கலாம்.

திரும்பிப் போனேன். கடைக்காரர் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ப்ரோ, ஒண்ணு கேக்கலாமா? எல்லா வார்த்தையுமா மாட்டுது, இல்ல சிலது மட்டுமா?" என்றார்.

அதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. ம, ப, க மோசம் என்றேன். கிழக்கு, மேற்கு, பின்னாடி எல்லாம் மாட்டும். கன்னடத்தில் பேசும்போது கொஞ்சம் குறையும், ஏனென்று தெரியாது. பஸ் கண்டக்டரிடம் திக்காமல் டிக்கெட் வாங்கியிருக்கிறேன்.

"அட, அப்ப கன்னடத்துலயே சொல்லுங்க. ஓசூர்ல எங்களுக்கு என்ன, கன்னடம் தெரியாதா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. இடது பக்கம் என்றால் 'எடக்கே', முன்னால் என்றால் 'எதுரு', பின்னால் என்றால் 'ஹிந்தே'. சேலத்திலிருந்து ஒருவர் குரூப்பில் இருந்தார். அவருக்குக் கன்னடம் ஒரு சொல்கூடத் தெரியாது. அவர் முதுகுக்குப் பின்னால் எதிரி வருவதைப் பார்த்து, "ஹிந்தே! ஹிந்தே!" என்று கத்தினேன். ஒரு திக்கலும் இல்லாமல் கணீரென்று வந்தது.

"இப்ப எதுக்குங்க ஹிந்தி?" என்று கேட்டுக்கொண்டே அவர் விழுந்தார்.

அக்கா சிரித்த சிரிப்பில் அன்று யாராலும் ஒழுங்காகச் சுட முடியவில்லை. நான் ஓடிப்போய் சேலத்துக்காரரைத் தூக்கிவிட்டேன். நான் எழுப்பிவிட்ட முதல் ஆள் அவர்தான்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. குரூப்புகளுக்கு இடையே ஒரு போட்டி வந்தபோது, நானும் இருக்கிற அணிதான் போக வேண்டும் என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். முதல் சுற்றிலேயே தோற்றோம். அவசரத்தில் கன்னடமும் மாட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் ஐ.டி. காரர் பேசினார். "எனக்கு ஜெயிக்கணும் அக்கா. வேற ஒரு குரூப்புல கூப்பிடறாங்க. தப்பா எடுத்துக்காதீங்க. உங்க மேலயும் ஒண்ணும் இல்ல சார்" என்றார். குரூப்பில் அவர் ஒருவர்தான் என்னை சார் என்று கூப்பிட்டவர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவ்வளவு நன்றாகச் சுடுகிற ஒருவருக்கு ஜெயிக்க ஆசை இருக்காதா. ஆனால் என்னால்தான் போனார் என்ற எண்ணம் பல நாள் உறுத்தியது. அதை அக்காவிடம் சொன்னேன்.

"அவரு வரும்போதே நல்லா ஆடினாரு. நம்மகிட்ட கத்துக்க அவருக்கு ஒண்ணுமில்ல" என்றார். பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

அதன்பிறகு நாங்கள் அதிகம் ஜெயித்ததில்லை. வேறு இடங்களில் திட்டு வாங்கிச் சலித்தவர்கள் எங்களைத் தேடி வந்தார்கள். காது சரியாகக் கேட்காத ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தார். குழந்தை அழுதால் ஆட்டத்தின் நடுவில் போய்விடுவார், அவர் திரும்பி வரும்வரை திரையில் நிற்கும் அவருடைய ஆளைச் சுற்றி நின்று காவல் காப்போம். யார் வந்தாலும் முதல் நாள் அவர்களோடு யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டானது. நானும் பல பேரோடு இருந்திருக்கிறேன். விதிகளை நான்தான் வாயால் சொல்லுவேன். நேரமாகும். கேட்பார்கள்.

போன கிறிஸ்துமஸ் லீவில் முதன்முறையாக நேரில் சந்தித்தோம். ஆனேக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஓட்டல். ஓசூரிலிருந்து கடைக்காரர் பஸ்ஸில் வந்து இறங்கினார். குரலை வைத்து நான் ஒல்லியான ஆளாகக் கற்பனை செய்திருந்தேன். ஆள் நல்ல கனம். கைக்குழந்தைக்காரப் பெண் குழந்தையைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். அக்கா டியூஷனை முடித்துவிட்டு, சுடிதார் கையில் சாக்பீஸ் தூளோடு வந்தார்.

உட்கார்ந்ததும் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மாதக்கணக்காக ஒருவர் உயிரை ஒருவர் காப்பாற்றியவர்கள், ஊர்க் குளிரைப் பற்றிப் பேசினோம். கடைசியில் கடைக்காரர்தான் போனை எடுத்தார். "ஒரு ஆட்டம் போட்டா சரியாயிடும்."

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடினோம். ஒவ்வொரு குரலும் இரண்டு தடவை கேட்டது. மேஜைக்கு எதிரிலிருந்து ஒருமுறை, ஒரு நொடி கழித்து காதுக்குள் இன்னொரு முறை. என் குரலும் அப்படித்தான் அவர்களுக்குக் கேட்டிருக்கும். நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றபோது மூன்று பேரும் திரையிலிருந்து தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார்கள். அவசரப்படுத்தவில்லை. அதற்குள் எங்கள் அணியை யாரோ சுட்டுத் தள்ளிவிட்டார்கள்.

"போகட்டும், இன்னொண்ணு போடலாம்" என்றார் அக்கா. சர்வர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். டீக்குத் தாவாமல், "கா… கா… காபி" என்றேன்.