என்னோடு உள்ளே வரக்கூடியவர்

வரிக்கணக்கு எழுதிக் கொடுக்கிறவரும் நம்மோடு ஜெயிலுக்கு வருவார் என்று நான் நம்பியிருந்தேன். கணக்கில் தப்பு வந்தால் ஜாமீன் கையெழுத்துப் போட்டவரைப் பிடிப்பது போல எழுதியவரையும் பிடித்து, இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டுவார்கள் என்பது என் சட்ட ஞானம். அதனால் ஆள் தேடியபோது நான் அவர்களுடைய படிப்பைப் பார்க்கவில்லை, அனுபவத்தையும் விசாரிக்கவில்லை. இந்த மனிதரோடு ஓர் அறையில் ஆறு மாதம் தள்ள முடியுமா, குறட்டை விடுவாரா என்பதைத்தான் பார்த்தேன்.

இந்த ஞானத்தை எனக்கு வழங்கியவர் போடிமெட்டுப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் கேஷியர். எனக்கு ஊர் பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளி. குடும்பத்து வயலை அண்ணன் பார்த்துக்கொள்ள, நான் பெயின்ட் காண்ட்ராக்டில் இறங்கியிருந்தேன். மழை விட்டதும் நாலைந்து ஆட்களோடு உடுமலைப்பேட்டை போய், மூணாறு வழியாக மலையேறுவேன். தேயிலை ஃபேக்டரிகளின் தகரக் கூரைக்கு ரெட் ஆக்சைடு, தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்குச் சுண்ணாம்பு. கூரைக்கு இத்தனை, லயத்துக்கு இத்தனை என்று பேசி முடித்துக்கொள்வது. எனக்கு முதலாளி கிடையாது. கணக்கும் கிடையாது.

அந்த வருஷம் வேலை முடிந்து பணம் வாங்கப் போனபோது கேஷியர் கொஞ்சம் குறைத்து எண்ணி வைத்தார்.

"நூத்துக்கு ரெண்டு ரூவா வருமான வரிக்குப் பிடிச்சிருக்குண்ணே. சட்டம் முன்னமே வந்ததுதான், இப்ப இறுக்கிட்டாங்க. நான் ஒண்ணும் முழுங்கல, பாத்துக்கிடுங்க."

"அப்ப நான் இனி என்ன பண்ணோணும்?"

"ஒரு ஆளைப் பிடிச்சுக் கணக்கு எழுதி ஆபீசுல குடுக்கணும். நல்ல ஆளாப் பிடிங்க. எழுதுதவன் சரியில்லன்னா ரெண்டு பேருமாச் சேந்து கம்பி எண்ண வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஊரையே கிண்டலடித்துத் திரிகிற எனக்கு, மற்றவன் கிண்டலடித்தால் மட்டும் புரியாது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக பஸ் இறங்க இறங்க அந்தச் சிரிப்பு கழன்று, அவர் சொன்னது மட்டும் மிஞ்சியது.

காலமும் அப்படி. நெருக்கடி நிலை அமலில் இருந்தது. வரி ஏய்த்தவர் வீட்டில் சோதனை என்று பேப்பரில் வந்துகொண்டே இருந்தது. யாரை எதற்குக் கொண்டுபோனார்கள் என்று சத்தமாகக் கேட்கவும் ஆட்கள் தயங்கினார்கள். ஊர் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் பாலக்காட்டு வருமான வரி ஆபீசிலிருந்து பழுப்புக் கவர் வந்தது. வருமானக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லி நாலு வரி. கவரோடு சமையலறை வாசலில் போய் நின்றேன்.

மனைவி என் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, யாராச்சும் தவறிட்டாங்களா?"

"இன்னும் இல்லை" என்றேன்.

முதலில் போனது எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கிற சித்தூரில், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்த ஒருவரிடம். வரி ஆலோசகர் என்று போர்டு. மேசையில் டைப்ரைட்டர், அதன் மேல் சீட்டுக்கட்டு. என்னைக் கண்டதும் டீ சொன்னார். அரை மணி நேரத்தில் என் பயத்தைப் பாதி மறக்கும்படி சிரிக்க வைத்தார். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத சாப்பாட்டைக்கூடச் சிரித்துக்கொண்டே சாப்பிடுகிற ஆள் என்று தோன்றியது. உள்ளே இருக்க இவரைவிட நல்ல துணை கிடைக்காது.

"நீங்க கவலைய உடுங்கண்ணா. வெறும் ஃபாரத்துல கீழ கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. மீதிய நான் ரொப்பிக்கறேன். மிச்சம் புடிக்கறதுல பாதி எனக்கு, அவ்வளவுதான்."

நான் கொண்டுபோயிருந்த பெயின்ட் டப்பாவைத் திறந்து காட்டினேன். உள்ளே ஆட்களுக்குக் கூலி கொடுத்த சீட்டுகள். மலைமேல் மை டப்பாவுக்கு எங்கே போவது? வேலை நடந்த கூரையிலேயே பெயின்டில் விரலைத் தொட்டு வைத்துவிடுவார்கள். சீட்டெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கைரேகை.

"இந்தக் கருமத்தையெல்லாம் அடுப்புல போடுங்க. நானே அழகா எழுதிக்கறேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் அவரைப் பற்றிப் புகழ்ந்தேன். நல்ல மனிதர், நன்றாகச் சீட்டாடுவார் என்றேன்.

"சீட்டாடறதுக்கா ஆள் தேடறீங்க?" என்றாள். பிறகு, "கையெழுத்து நீங்க போடறீங்க சரி. அவரு எதுலீங்க போடறாரு?" என்று கேட்டாள்.

அது எனக்கு வேறு விதமாக உறைத்தது. அவர் கையெழுத்துப் போடாவிட்டால் என்னோடு எப்படி வருவார்? நான் மட்டும் தனியாக அல்லவா போக வேண்டியிருக்கும்? மறுநாளே மாடியேறிப் போய், வெட்கத்தை விட்டு நேராகவே கேட்டுவிட்டேன்.

"ஏதாச்சும் தப்பாச்சுன்னா நீங்களும் எங்கூட உள்ள வருவீங்களா?"

அவர் டீ புரையேறச் சிரித்தார். "நான் எதுக்குண்ணா வரோணும்? எம்பேரே அதுல எங்கியும் இருக்காது. கணக்கு உங்களுது, கையெழுத்து உங்களுது."

ஃபாரத்தைத் தொடாமல் டப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். படியில் இறங்கும்போது அவர் மேலிருந்து, "அண்ணா, நாப்பது பர்சன்ட்டுன்னா?" என்று கூப்பிட்டார். உள்ளே நல்ல பொழுதுபோக்கு போச்சே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

அடுத்தவர் பாலக்காட்டில், கல்பாத்திப் பக்கம் ஒரு கோயில் தெருவில் இருந்த ஆடிட்டர். தலைமுறைகளாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். ஒல்லியான மனிதர். சிரிப்பு என்பதைக் கேள்விப்பட்டதுகூட இல்லாத முகம். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மூக்குப்பொடி. என்னுடைய ஆகச் சிறந்த ஜோக்குகளில் இரண்டைச் சொல்லிப் பார்த்தேன். "ஓ" என்றார். இவரோடு ஆறு மாதமா? தூக்குத் தண்டனையே மேல் என்று தோன்றியது.

டப்பாவிலிருந்த சீட்டு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உதிர்ந்த பெயின்டை ஊதினார்.

"ஆளுக்கு எவ்வளோ கூலி? யார் யார் வந்தா? பேரும் ஊரும் தெரியுமோ? பெயின்ட் வாங்கின கடைச் சீட்டு எங்கே? காணலையே."

"தொலைஞ்சு போச்சுங்க."

"அப்போ அதைச் சேர்க்க முடியாது. கடைக்காராள்ட்ட வேற எழுதி வாங்கிண்டு வாங்கோ. மனசிலாச்சோ? அப்புறம், வரி கொறைஞ்சாலும் கூடினாலும் என் ஃபீஸ் ஒண்ணுதான்."

எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. தப்பாகிவிட்டால் நீங்களும் வருவீர்களா என்றேன்.

பொடி டப்பாவை மூடி வைத்தார். நான் சிறையை நினைத்துக் கேட்டேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? "வராம பின்னே? வக்காலத்துல என் பேராக்கும் இருக்கும். கணக்குக்கு அடியில நான் போட்ட ஒப்பு இருக்கும். கூப்பிட்டா நானும் வரணும்" என்றார்.

அந்த இடத்திலேயே அவரை அமர்த்திக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பாதி நன்றியில், பாதி மூக்குப்பொடியில்.

கணக்குத் தாக்கலாகிச் சில மாதம் கழித்து, சீட்டுகளோடு நேரில் வரச் சொல்லி ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். நான் ஒரு பை எடுத்துக்கொண்டேன். மாற்று வேட்டி, துண்டு, பல்பொடி, நேந்திரங்காய் வறுவல் ஒரு பொட்டலம். மனைவி வாசல் வரைக்கும் வந்தாள். "சாயங்காலம் வந்துருவீங்கல்ல?" என்றாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

ஆபீஸ் வராந்தாவில் ஆடிட்டர் என் பையைப் பார்த்தார். "எங்கேயாவது யாத்திரையோ?"

"தெரியலீங்க" என்றேன்.

ஆபீசர் இளவயது மலையாளி. சீட்டுகளைப் புரட்டினார். ஒரு சீட்டில் நிறுத்தி, சிவப்புக் கைரேகையை நகத்தால் சுரண்டினார். "இதெந்தா, சோரயாணோ?" என்றார். ரத்தமா என்கிறார். ஆடிட்டர்தான் பெயின்ட் என்று சொல்லி, ஆட்களின் பெயரையும் ஊரையும் எழுதியிருந்த தாளை எடுத்து நீட்டினார். ஆபீசர் படித்தார். பேனாவால் இரண்டு இடத்தில் குறித்தார். பிறகு என்னைப் பார்த்து, "உள்ளது அடச்சா மதி" என்றார்.

பிறந்ததிலிருந்து மலையாளம் கேட்டு வளர்ந்தவன் நான். உள்ள தொகையைக் கட்டினால் போதும் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று சந்தையில் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பேன். ஆனால் பயம் வந்தால் என் காது தமிழைத் தவிர வேறு எதையும் உள்ளே விடாது. 'உள்ளே அடைத்தால் போதும்' என்றுதான் விழுந்தது.

எழுந்து பையை எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் ஆடிட்டர் மேல்துண்டைச் சரிசெய்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயது அறுபதுக்கு மேல். இந்த மனிதரையா அங்கே கூட்டிக்கொண்டு போவது?

"என்னைய மட்டும் அடைச்சாப் போதுங்க. இவரு பாவமுங்க, பெரியவரு. இவர உட்டுருங்க."

ஆபீசர் ஆடிட்டரைப் பார்த்தார். ஆடிட்டர் என் பையைப் பார்த்தார்.

"ஒக்காருங்கோ" என்றார். "பணத்தையாக்கும் அடைக்கச் சொல்றார்."

எஸ்டேட்டில் பிடித்தது போக நாற்பத்தெட்டு ரூபாய் பாக்கி இருந்தது. பக்கத்து பாங்கில் சலான் எழுதிக் கட்டினேன். ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுத்துவிட்டு, சித்தூர் பஸ் ஏறி, வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.