என் நாக்கில் இருக்கும் இரண்டு புள்ளிகள்

என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி. எனக்கு அதிசய சக்தி கிடைத்தால் என்ன செய்வேன் என்பதுதான் தலைப்பு. பறப்பேன், மாயமாக மறைவேன், அடுத்தவர் மனசைப் படிப்பேன் என்று ஒரு பக்கம் எழுதிவந்து படித்துக் காட்டினாள்.

"வேணாம்னு சொல்லிடு" என்றேன்.

"ஏம்மா?"

"அனுபவிச்சவ சொல்றேன், கேளு."

எனக்கு அந்தச் சக்தி பத்து வயதில் வந்தது. வந்தது என்று ஊர் சொன்னது. எங்கள் ஊர் அரூர்ப் பக்கம். சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிற பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போவோம். ஒருநாள் ஏறும்போது பின்சக்கரத்தைப் பார்த்தேன். டயர் எங்க மாமா தலை மாதிரி வழுவழுன்னு கிடந்தது. "இது வெடிக்கும் பாரு" என்றேன். மறுநாள் காலையில் வெடித்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் பஸ்ஸில் நான் சொன்னதைக் கேட்டிருந்த எங்கள் தெருக்கார அக்கா ஒருத்தி என்னை நிறுத்தி, நாக்கை நீட்டச் சொன்னாள். நாக்கில் மச்சம் மாதிரி இரண்டு கருப்புப் புள்ளி. அவ்வளவுதான். இவளுக்குக் கருநாக்கு, சொன்னால் பலித்துவிடும் என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

அந்த டயரை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

அடுத்தது பக்கத்துக் காட்டுக்காரர் போட்ட போர்வெல். போர் வண்டி வந்து நின்றதும் "தண்ணி வராது" என்று சொல்லிவிட்டேன். வரவில்லை. அடேயப்பா, ஊரே வாயைப் பொத்திக்கொண்டது! சுற்றி மூன்று காட்டில் போட்ட போர் தண்ணி இல்லாமல் வெறும் புகையாகப் போயிருந்தது. அதைச் சொல்ல நாக்கு எதுக்கு? கண்ணு போதாதா? "நாளைக்கு மழை வரும்" என்று நான் சொல்லி வராமல் போனது எத்தனை தடவை. அதையெல்லாம் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, கொஞ்ச காலம் சுகமாகத்தான் இருந்தது. குழாயடியில் "நீ மொதல்ல புடிச்சிக்க கண்ணு" என்று வழி விடுவார்கள். தக்காளிக் காட்டு வழியாக நடந்தால், கேட்காமலே ஒரு பை தக்காளி கைக்கு வரும். 'நல்லாக் காய்ச்சிருக்கு' என்று வாயைத் திறந்துவிடக் கூடாதாம், அதற்கு லஞ்சம். கல்யாணமாகி தருமபுரிக்கு வந்தேன். எனக்கு முன்னால் என் நாக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

போகப்போகத்தான் தெரிந்தது. எனக்கு முன்னால் யாரும் எதையும் பேசுவதில்லை. பெண் பார்த்தது, வேலைக்கு எழுதிப் போட்டது எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குச் சேதி வரும். நான் உள்ளே நுழைந்தால் பேச்சு சட்டென்று தக்காளி விலைக்குத் தாவிவிடும். என்னத்தை மறைக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். என் சொந்தத் தங்கச்சி முழுகாமல் இருப்பதே ஐந்தாம் மாசம்தான் எனக்குத் தெரியும். அதுவும் ஊர் நர்ஸம்மா சொல்லி. வயிறு எரிந்தது எனக்கு.

தங்கச்சிக்கு அதற்கு முன் இரண்டு தடவை கலைந்திருந்தது. அவள் மாமியார் பயந்துபோயிருந்தார். வளைகாப்புக்குக் கூப்பிட்டார்கள். சந்தனம் பூசிவிட்டு, நல்லா பெத்தெடு சாமி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மாமியார் ஒரு முழு லட்டை எடுத்து என் வாயில் திணித்துவிட்டார். "சாப்புடுங்க, சாப்புடுங்க" என்று சிரிக்கிறார். லட்டை மென்று முழுங்குவதற்குள் என்னை ஓரமாக உட்கார வைத்துவிட்டார்கள். கன்னம் இரண்டும் உப்பி நான் நிற்கிற போட்டோ இன்னும் தங்கச்சி போனில் இருக்கிறது.

இனி இங்கே ஒரு வார்த்தை பேசினால் என்னைச் செருப்பால் அடி என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

பிரசவத்தன்று காலையில் போன் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். குழந்தைக்கு நாடித்துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். தங்கச்சி ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது. லட்டு திணித்த அதே மாமியார் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் வாயால ஒரு நல்ல வார்த்த சொல்லு கண்ணு. நீ சொன்னா நடக்கும்."

இந்த நாக்கை மனசார ஒரே ஒரு தடவைதான் நான் உபயோகித்திருக்கிறேன். அதற்கு ஏழு வருஷம் முன்னால், சேலத்தில், எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. தங்கச்சி டீ வாங்கப் போயிருந்தாள். அம்மா காலைப் பிடித்துக்கொண்டு, உலகத்தில் இருக்கிற நம்பிக்கையெல்லாம் சேர்த்து, "ஒண்ணும் ஆவாதும்மா, நான் சொல்றேன்ல" என்றேன். அன்று மத்தியானமே அம்மா போய்விட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அதையும் என் நாக்குமேல்தான் போடுவார்கள்.

இப்போது தங்கச்சியும் என்னையே பார்த்தாள். "சொல்லுக்கா."

வேறு எந்த அக்காவாக இருந்தாலும் தயங்காமல் சொல்லியிருப்பாள். அது வெறும் ஆறுதல். நான் சொன்னால் வாக்கு. தப்பினால் என்ன பதில் சொல்வேன்? பொய் சொல்கிறோம் என்று தெரிந்தே, குனிந்து அவள் நெற்றியில் கை வைத்தேன். "ஒண்ணும் ஆவாது சாமி. நான் சொல்றேன்ல." அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

பையன். நல்லபடியாகப் பிறந்தான்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனால், மாமியார் பக்கத்துக் கட்டில்காரிகளிடம் என் நாக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆபரேஷன் செய்த டாக்டரம்மா பேச்சே இல்லை. நாக்கை நீட்டச் சொல்லி ஒருத்தி கேட்டேவிட்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன்: "உன் மாமியார நிறுத்தச் சொல்லுடி. இது ஒண்ணும் பலிக்கிற நாக்கில்ல."

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு நான் டீ வாங்கிட்டு வந்துட்டேன்க்கா. கட்டில் ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன். அம்மாகிட்ட நீ சொன்னத கேட்டேன்."

ஏழு வருஷமாக இவளும் வாயைத் திறக்கவில்லை. "அப்பறம் எதுக்குடி என்னச் சொல்லச் சொன்ன?"

அவள் குழந்தையின் துணியைச் சரிசெய்தாள்.

"நீ சொன்னதும் அம்மா மொகம் தெளிஞ்சுதுக்கா. ஸ்க்ரீன் சந்துல நான் பாத்தேன். ஆபரேஷனுக்குப் போறப்ப எனக்கும் அவ்ளோ பயமா இருந்துச்சு. அம்மா இருந்திருந்தா அம்மா சொல்லியிருக்கும். எனக்குச் சொல்ல இப்ப நீதான இருக்க."

பத்து வயதிலிருந்து ஊரே பயந்த நாக்கு. அதில் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.