இடப்பக்கம் கடல், வலப்பக்கம் கரை

ஜெசிந்தா இறந்துபோன செய்தி வந்தபோது, அவள் அனுப்பிய மின்னஞ்சல் என் முன்னால் திறந்திருந்தது. காலையில் அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக அதைத்தான் படித்தேன். "அண்ணாச்சி, ஃபைலுக்கு பேரு மாத்திட்டேன். பழச அழிச்சிருங்க" என்று ஒரே வரி, கூடவே மாலத்தீவுக்குப் போகும் ஒரு சரக்குத் தோணியின் பட்டியல். அப்போது கைபேசி அடித்தது. அவளுடைய சித்தி மகள் பேசினாள். "அண்ணாச்சி, அக்கா போயிட்டா. விடியக்காலம் நெஞ்ச அடைக்குதுன்னா. ஆஸ்பத்திரி வாசல்லயே முடிஞ்சிட்டு." நான் திரையைப் பார்த்தேன். மின்னஞ்சல் வந்த நேரம், அவள் போன நேரத்துக்குப் பிந்தியதாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. மாலையில் முடித்த வேலையை மறுநாள் அலுவலகம் திறக்கும் நேரத்தில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து வைப்பது அவள் வழக்கம். அவள் அழிக்கச் சொன்ன அந்தப் பழைய ஃபைலை நான் இன்றுவரை அழிக்கவில்லை.

துறைமுகச் சாலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஜெசிந்தாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உங்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: கப்பலிலும் தோணியிலும் போகிற சரக்குக்கான பத்திரங்களைத் தயாரித்து அனுப்புகிற சின்ன அலுவலகம் எங்களுடையது. நானும் அவளும் எதிரெதிர் மேசை. ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே காலத்தில் எங்கள் இருவருக்கும் கண்ணாடி வந்தது. வயதில் நான் கொஞ்சம் மூத்தவன் என்பதால் அண்ணாச்சி. அந்த மரியாதை அழைப்பதோடு சரி.

என் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். எந்த ஃபைல் வந்தாலும் நான் முகப்பிலேயே போட்டு வைப்பேன். "என்ன அண்ணாச்சி இது, மீன் ஏலக்கூடம் மாதிரி பரப்பி வச்சிருக்கீய? இதுல எத எடுத்து எங்க அனுப்புதீய?" என்பாள். மவுஸை அவள் எலி என்றுதான் சொல்வாள், தொடவும் மாட்டாள். "கண்ணால தேடாதீய. பேரோட மொத எழுத்த அடிங்க, அது தானா அங்க போயி நிக்கும்." நான் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகத் திறந்து துழாவிக்கொண்டிருக்கும்போதே, அவள் இரண்டு பொத்தானைத் தட்டி அதே ஃபைலை எடுத்து எனக்கே அனுப்பிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தேநீர் குடிப்பாள். எரிச்சலாக இருக்கும்.

அவள் பயன்படுத்தியது திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டும் ஒரு நிரல். இடப்பக்கம் ஒரு ஃபோல்டர், வலப்பக்கம் ஒரு ஃபோல்டர். டேப் பொத்தானைத் தட்டினால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவும். எஃப் ஐந்து தட்டினால் அந்தப் பக்கம் ஒரு நகல் விழும், எஃப் ஆறு தட்டினால் ஃபைலே இடம் மாறிவிடும். இடப்பக்க ஃபோல்டருக்கு அவள் வைத்த பெயர் 'கடல்'. வலப்பக்கத்துக்கு 'கரை'. துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ஒவ்வொரு கப்பலுக்கும் தோணிக்கும் கடலில் ஒரு ஃபோல்டர் இருக்கும். போன இடத்தில் பத்திரமாகச் சேர்ந்துவிட்டது என்று அங்கிருந்து சேதி வந்தால் எஃப் ஆறு. கரையேறியாயிற்று. காலையில் அவள் திரையை ஒருமுறை பார்த்தால் போதும், எங்கள் சரக்கு எதெது தண்ணீரில் நிற்கிறது என்று தெரிந்துவிடும். அலுவலகத்தில் எல்லோரும் மெல்ல மெல்ல அந்த வழிக்கு வந்தோம். நான்தான் கடைசி.

பெயர் வைப்பதிலும் கறார். முதலில் ஆண்டு, பிறகு மாதம், தேதி, அப்புறம் கப்பல் பெயர். அப்படி வைத்தால் வரிசை தானாக அமையும். நானோ 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'கடைசி ஃபைனல்' என்று வைப்பேன். ஒருநாள் என் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஃபைனல்னு பேரு வைக்காதீங்க அண்ணாச்சி. கடைசி எதுன்னு நமக்கு யாரு வந்து சொன்னா?" அன்று சிரித்தேன். அவள் போன அன்று காலை வந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். நான் 'ஃபைனல்' என்று வைத்திருந்த பெயரைத்தான் மாற்றியிருந்தாள்.

திட்டுவாளே தவிர, அவள் நிஜமாகக் கோபப்பட்டு ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். ஆறுமுகநேரி உப்பு ஏற்றிப் போன ஒரு தோணி. வழக்கமாகச் சேரும் நாள் ஆகிவிட்டதே என்று முதலாளி அவராகவே அதை எஃப் ஆறு தட்டிக் கரைக்கு ஏற்றிவிட்டார். மறுநாள் சரக்கு வாங்குகிறவர் அங்கிருந்து போன் போட்டு, தோணி எங்கே என்றார். காற்று பலத்ததால் வழியில் வேறொரு துறைமுகத்தில் ஒதுங்கி நின்றிருக்கிறது. ஆளுக்கும் சரக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஜெசிந்தா எழுந்து நின்றுவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. "சேதி வராம கரைக்கு ஏத்தாதீங்க மொதலாளி. ஏத்திட்டா அதுக்கப்புறம் யாரும் தேட மாட்டாவ" என்றாள். அன்று பிற்பகல் முழுக்க அலுவலகத்தில் பொத்தான்கள் தட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவள் தம்பி சந்தியாகுவைப் பற்றி எங்களுக்குத் தெரியும். நாங்கள் வேலைக்குச் சேரும் முன்பு நடந்தது. அவன் தோணியில் மாலத்தீவுக்குப் போனான். அந்தத் தோணிக்குப் பத்திரம் பார்த்தது வேறொரு அலுவலகம், இப்போது அது இல்லை. அதே பெயருள்ள இன்னொரு தோணி போய்ச் சேர்ந்த சேதியைக் கேட்டுவிட்டு, இதுதான் சேர்ந்தது என்று அவர்கள் குறித்துக்கொண்டார்கள். வீட்டுக்கும் சொல்லியனுப்பினார்கள். வீட்டில் சந்தோஷப்பட்டு மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்கள். தவறு தெரிந்து, தேட ஆள் கிளம்பியபோது காலம் கடந்துவிட்டது. தோணியும் கிடைக்கவில்லை, ஆட்களும் கிடைக்கவில்லை. உடல் இல்லாததால் அவர்கள் வீட்டில் அவனுக்கு அடக்கப் பூசை வைக்கவில்லை, கல்லறையில் பேர் பொறிக்கவும் இல்லை. ஜெசிந்தா தன் கடலில் சந்தியாகு என்று ஒரு ஃபோல்டர் வைத்தாள். உள்ளே ஒன்றும் கிடையாது. ஒருமுறை நான் விவரம் கெட்டத்தனமாக, "ஏளா, காலி ஃபோல்டர் எதுக்கு? அழிச்சிரலாம்லா?" என்றேன். "அவன் இன்னும் வரல அண்ணாச்சி" என்றாள், சாதாரணமாக, கப்பலைப் பற்றிச் சொல்வதுபோல.

அடக்கம் முடிந்த மறுநாள் அவள் கம்ப்யூட்டரை நான்தான் போட்டேன். பாதியில் நிற்கும் பத்திரங்களை எடுக்க வேண்டியிருந்தது. நிரல் திறந்தது. இடப்பக்கம் கடல். அத்தனை ஃபோல்டர்களுக்கு நடுவில், எதில் நிற்கிறோம் என்று காட்டும் நீலப் பட்டை சந்தியாகுவின் மேல் நின்றது. கடைசியாக அங்கே விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். பட்டையை வேறு பெயருக்கு நகர்த்தி, வேலையை முடித்து, மூடிவிட்டுப் போனேன். மறுநாள் திறந்தால் மறுபடி சந்தியாகு. அடுத்த நாளும். எங்களுக்கு சர்வீஸ் பார்க்கும் புதுக்கோட்டைக் கணேசனை வரவழைத்தேன். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல அண்ணாச்சி. தொறக்கும்போது இங்கன போயி நில்லுன்னு அவியளே எழுதி வச்சிருக்காவ." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை வருடமும் ஒவ்வொரு காலையும் அவள் முதலில் தம்பியைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் வேலையைத் தொட்டிருக்கிறாள். எதிர் மேசையில் இருந்தும் எனக்கு அது தெரியாமல் போயிற்று.

இந்த மாதம் முதலாளி புதுக் கம்ப்யூட்டர்கள் வாங்கினார். பழையவற்றில் இருப்பதையெல்லாம் துடைத்து அழித்து, விற்றுவிட ஏற்பாடு. கணேசன் எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றிவிட்டு, பழையதைத் துடைக்க உட்கார்ந்தார். நான் புதியதில் கடலைத் திறந்து பெயரின் முதல் எழுத்தை அடித்தேன். ஒன்றும் நகரவில்லை. இன்னொரு முறை அடித்தேன். சந்தியாகு அங்கே இல்லை.

"கணேசன், நிறுத்தும்! ஒரு ஃபோல்டர் வரலை" என்று கத்தினேன். அவர் பதறிக் கையை எடுத்தார். "உள்ள ஏதாவது இருந்துச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப வராது அண்ணாச்சி. எல்லாத்தையும் மாத்துத இந்தப் புரோகிராம் காலி ஃபோல்டர எடுக்காது, விட்டுரும்." சாதாரணமாகத்தான் சொன்னார். அவனை இன்னும் எதிர்பார்த்திருந்த ஒரே இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அதையும் துடைத்துவிட இருந்தோம்.

பழைய கம்ப்யூட்டரில் அது அப்படியே இருந்தது, நீலப் பட்டையோடு. நானே உட்கார்ந்து எஃப் ஐந்து தட்டிப் புதியதன் கடலில் நகல் எடுத்தேன். வெறும் ஃபோல்டராக விட்டால் நாளைக்கு இன்னொரு புரோகிராம் விட்டுவிடும் என்ற பயத்தில், உள்ளே ஏதாவது போட வேண்டும் என்று தோன்றியது. ஜெசிந்தா கடைசியாக அனுப்பிய அந்த மின்னஞ்சலைப் போட்டேன். தம்பியின் ஃபோல்டருக்குள் அக்காவின் ஒரு வரி. கடலில் அது இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மூடினேன். கணேசனும் பார்த்தார்.

மறுநாள் காலை திறந்தேன். கடலில் சந்தியாகு இல்லை. பதறி டேப் தட்டினேன். வலப்பக்கம், கரையில், எல்லாவற்றுக்கும் கடைசியாக இருந்தது. உள்ளே அவள் வரி பத்திரமாக இருந்தது. கணேசனிடம் கேட்டேன், மாதாவின் மேல் சத்தியம் செய்யாத குறையாகத் தான் தொடவில்லை என்றார். முதலாளி எட்டயபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மூடும்போது என் விரலே எஃப் ஆறில் பட்டிருக்கலாம். பட்டதாக நினைவில்லை.

திரும்பக் கடலுக்குக் கொண்டுபோகத்தான் முதலில் கை போனது. எஃப் ஆறின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று, எலியைத் தொடுகிறேனா என்று பார்ப்பதுபோல் இருந்தது. பயமாகவும் இருந்தது, சொல்லத் தெரியாத ஒரு நிம்மதியாகவும் இருந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

ஜெசிந்தாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இவ்வளவுதான்: முகப்பில் ஒன்றையும் பரப்பி வைப்பதில்லை, எதற்கும் ஃபைனல் என்று பெயர் வைப்பதில்லை, காலையில் முதலில் கடலைப் பார்க்கிறேன். பிறகு டேப் தட்டி, கரையில் கடைசியாக இருக்கும் அந்த ஒன்றையும் பார்க்கிறேன். அது அங்கே எப்படிப் போனது என்று நான் இப்போது யாரையும் கேட்பதில்லை. சேதி வராமல் ஜெசிந்தா எதையும் கரைக்கு ஏற்றியவள் இல்லை.